போறணைச் சூடு

4 மார்ச் 2022, வெள்ளி

பாணின் விலையை இன்று மறுபடியும் அழித்து எழுதினேன். கடை முகப்பில் தொங்கும் கரும்பலகையில் விலை எழுதும் இடம் மட்டும் துடைத்துத் துடைத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. காலையில் வந்த ஒருவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாதிப் பாண் தருவீர்களா என்று கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். மற்றப் பாதி மாலை வரை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதைத்தான் நாங்கள் மூவரும் பருப்போடு சாப்பிட்டோம்.

மூவர் என்பது நானும் என் கணவரும் மகள் ஆரணியும். ஆரணிக்கு மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. சாவகச்சேரியில் எங்கள் பேக்கரி திறந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, இந்த வளவில் செங்கல்லால் கட்டிய பெரிய போறணை ஒன்று மட்டும் இடியாமல் நின்றது. அதைக் கண்டுதான் இவர் பாண் சுடத் தொடங்கினார். ஒரு சின்ன அறையளவு இருக்கும். உள்ளே விறகெரித்து, தணலை இழுத்துவிட்டு, சுட்ட கல்லின் சூட்டில் பாண் வேகும். இரும்புக் கதவைச் சாத்தினால் சூடு வெளியே போகாது.

வீட்டில் காஸ் முடியப் போகிறது. சிலிண்டரைச் சரித்து வைத்து எரிக்கிறேன்.

11 மார்ச், வெள்ளி

மா விலை ஏறிவிட்டது. பலகையை இன்றைக்கு இவரே அழித்தார். எழுதவில்லை. கேட்பவர்களுக்கு வாயால் சொல் என்றார்.

23 மார்ச், புதன்

போறணையில் நின்ற பாலன் போய்விட்டான். கிளிநொச்சியிலிருந்து வர பஸ் இல்லை, வந்தாலும் அவன் சம்பளம் பஸ்ஸுக்கே போய்விடுகிறது. போகும்போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் ஒரு பையில் பணிஸ் போட்டுக் கொடுத்தார். இனிமேல் விறகு போடுவதும் மா குழைப்பதும் எல்லாம் இவர்தான். நான் கூடமாட நிற்கிறேன். கறண்ட் எப்போது வருமென்று தெரியாததால், வரும் நேரத்தில் மெசினில் மாவைப் போட்டு, பாண் வெளியே வரப் பத்து மணியாகிவிடுகிறது. பத்து மணிக்குப் பாண் வாங்க யார் வருவார்கள்?

மத்தியானம் இவர் அலுமாரியிலிருந்து பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தார். கட்டாரில் பாண் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஏஜென்சிக்காரர் போன் எடுத்தாராம்.

சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

2 ஏப்ரல், சனி

பாஸ்போட்டைக் காணவில்லை. மேசையில்தான் வைத்தேன் என்கிறார் இவர். நானும் தேடினேன். ஆரணியும் தேடினாள்.

கடையில் இன்று விற்றது பதினொரு பாண். மிஞ்சியதை வெட்டிக் காயவைத்தேன்.

தாலிக்கொடி வெயிலுக்குக் கழுத்தை உறுத்துகிறது என்று கழற்றிவிட்டேன். மஞ்சள் கயிறு நல்ல சுகம். பாரமில்லை.

6 ஏப்ரல், புதன்

எங்களுக்கு எதிரே மாடிவீட்டில் ஓர் அறை எடுத்திருக்கும் மெட்டில்டா இன்று பாண் முடிந்த பிறகு வந்தாள். தையல் தைக்கிறவள். புருசன் கொழும்பில் வேலை, இரண்டு வயதுப் பிள்ளையோடு தனியே இருக்கிறாள். இடுப்பில் பிள்ளை, கையில் ஓர் அலுமினியப் பானை. உள்ளே கழுவிய அரிசியும் பருப்பும், தண்ணீரும் விட்டிருந்தாள்.

"அக்கா, காஸ் முடிஞ்சு பத்து நாளாச்சு. மண்ணெண்ணெய் லைனிலை நிண்டு நிண்டு காலும் வீங்கிப் போச்சு. மாடியிலை விறகு மூட்ட வீட்டுக்காரர் விடுறார் இல்லை. பிள்ளை பிஸ்கற்றைத் தவிர ஒண்டும் தின்னாமல் ரெண்டு நாள். உங்கடை போறணை சும்மா சூடாத்தானே கிடக்குது?"

பாண் போறணைக்குள் சோற்றுப் பானை வைத்ததை நான் கண்டதில்லை. உள்ளே பார்த்தேன். இவர் மூலையில் கிடந்த மர வாங்கில் படுத்திருந்தார். சில நாட்களாக அப்படித்தான், பாண் எடுத்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். நானே பாண் தள்ளும் துடுப்பை எடுத்துப் பானையை அதன் தலைப்பில் வைத்தேன். நீளத் துடுப்பு, பாரம் ஒரு பக்கம் சரிந்தது, தண்ணீர் அலம்பி விறாந்தையில் கொட்டியது.

இவர் எழும்பி வந்து துடுப்பை என் கையிலிருந்து வாங்கினார். பானையைத் திறந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். தொட்டியில் ஒட்டியிருந்த மாவை வழித்தெடுத்து உருட்டி மூடியைச் சுற்றி ஒட்டினார். பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. மூடியைச் சுற்றியிருந்த மா பாணாகி வெந்திருந்தது. அதை உடைத்தபோது வந்த ஆவியை எப்படி எழுதுவேன். வெறும் அரிசியும் பருப்பும்தான். ஆனால் ஒரு பருக்கை குழையவில்லை, ஒரு பருக்கை அடிப்பிடிக்கவில்லை. எரித்து முடிந்த விறகின் சூடு. நாங்கள் தினமும் கதவைத் திறந்து காற்றில் விட்டுக்கொண்டிருந்த சூடு. பதின்மூன்று வருடமாக.

மெட்டில்டாவின் பிள்ளை மூடியில் ஒட்டியிருந்த மா வளையத்தைக் கடித்துக்கொண்டு போனது.

7 ஏப்ரல், வியாழன்

இன்று நான்கு பானை. மெட்டில்டா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள்.

14 ஏப்ரல், வியாழன்

வருடப்பிறப்பு. கோயிலுக்குப் போகவில்லை. ஒழுங்கையில் பாதி வீடுகளின் பொங்கல் எங்கள் போறணையில்தான் வெந்தது. பானைகளுக்கு மஞ்சள் இலை கட்டிக் கொண்டுவந்தார்கள். போறணைக்குள் வைத்தால் இலை கருகும் என்று இவர் அவிழ்த்து ஒரு பக்கமாக வைத்து, வெந்து வெளியே வந்ததும் ஒவ்வொன்றுக்கும் திரும்பக் கட்டிக் கொடுத்தார். எந்த இலை எந்தப் பானைக்கு என்று எப்படித்தான் நினைவு வைத்திருந்தாரோ.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒருவர் இரண்டு தென்னம் மட்டை, ஒருவர் ஒரு கட்டுப் பூவரசங்கொப்பு, ஒரு வீட்டில் உடைந்த கதிரைக் கால். விறகு விற்கிற விலைக்கு, பாணுக்கு எரிப்பதே எங்களுக்குக் கட்டுப்படியாகாமல் இருந்தது. இன்று பார்த்தால் போறணைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு விறகு அடுக்கிக் கிடக்கிறது.

மாலையில் இவர் வாங்கில் படுக்கவில்லை. விறகுகளைக் காய்ந்தது, பச்சை என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். சீனி இல்லை. "நல்லாயிருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்லி எவ்வளவோ காலம்.

25 ஏப்ரல், திங்கள்

மகேஸ்வரன் மாஸ்டர் வந்தார். இந்த ஒழுங்கையில் பெரிய கல்வீடு அவருடையது. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லாம் கனடாவில், மனைவி இறந்த பிறகு தனியே இருக்கிறார். அவரிடம் காசுக்குக் குறைவில்லை. ஆனால் காசைக் கொண்டுபோய் எங்கே கொடுத்துக் காஸ் வாங்குவது? சிலிண்டர் ஊருக்குள் வந்தால்தானே.

எல்லாரும் போன பிறகு வந்தார். மண்சட்டியைச் சீலைப் பைக்குள் வைத்து மேலே பேப்பரைப் போட்டு மூடியிருந்தார். பாண் வாங்க வந்தவர் போல கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை நீட்டிப் பையை வாங்கினேன். அப்போதுதான் அவர் முகம் இளகியது.

"பிள்ளை, மச்சச் சட்டிகளுக்குப் பக்கத்திலை வையாமல்..." என்றார்.

இவர் உள்ளே வலது மூலையில் செங்கல் வரிசையொன்று அடுக்கி, அதற்கு அப்பால் அந்தச் சட்டியை வைத்தார். இனிமேல் சைவப் பானைகளுக்கு அந்த மூலை.

இவருக்கு உள்ளே ஒரு நகரமே இருக்கிறது. சோறு ஆழத்தில், குழம்பு நடுவில், கஞ்சி வாசலோரம். கிழங்குக்கு இடது சுவர், அங்கே சூடு மெதுவாக இறங்குமாம். மாவில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே எறிவார். அது கறுத்தால் பொறுக்க வேண்டும், தேன் நிறத்துக்கு வந்தால் பானை வைக்கலாம், வெள்ளையாகவே கிடந்தால் இன்னும் எரிக்க வேண்டும். நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். பொழுது போக வேண்டுமே.

4 மே, புதன்

பானைக்கு இவ்வளவு என்று ஏதாவது வாங்கினால் என்ன என்று கேட்டேன். பிழையாகக் கேட்டேனா தெரியவில்லை. மாவுக்கு முற்பணம் கொடுத்தால்தான் லொறி வரும் என்கிறார்கள். பாண் விற்று வருவது மாவுக்கே போகிறது. விறகு கிடைக்கிறது, அது சரி. விறகைச் சமைத்துச் சாப்பிட முடியாதே. ஆரணியின் பாட்டாச் செருப்புக்கு வார் அறுந்து, ஊசியால் தைத்துப் போட்டுக்கொண்டு போகிறாள்.

இவர் துடுப்பைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"காசு கேட்டா மெட்டில்டா நாளைக்கு வரமாட்டாள். அவள் வராட்டில் அந்தப் பிள்ளை பிஸ்கற் தின்னும். மாஸ்டர் காசு தருவார், தந்திட்டுத் தன்ரை சட்டியை முதலிலை வை எண்டுவார். பேந்து எனக்கும் ஆரை முதலிலை வைக்கிறதெண்டு யோசினை வரும். வேண்டாம் தர்மினி."

பிறகு என் கழுத்தைப் பார்த்தார். மஞ்சள் கயிற்றைத்தான் பார்த்தார். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

10 மே, செவ்வாய்

பாஸ்போட் கிடைத்தது. என் கூறைச்சேலை மடிப்புக்குள் இருந்தது. வீட்டில் எலித்தொல்லை அதிகம், சாமான்கள் எங்கெங்கோ போய்விடுகின்றன என்று சொல்லிக் கொடுத்தேன்.

எலியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

19 மே, வியாழன்

நேர்முகத்துக்கென்று மாலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். நாளைக்குப் பாண் இல்லை, பானைக்காரரிடம் சொல்லிவிடு என்றார். சொன்னேன். ஆனால் முகங்களைப் பார்க்க முடியவில்லை. சூடு எப்படியென்று எனக்குத் தெரியும், நாளைக்கு நானே எரிக்கிறேன், கொண்டுவாருங்கள் என்று என் வாய்தான் சொன்னது.

20 மே, வெள்ளி

எழுதக் கை வருகிறதில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

மாஸ்டர் தன் பழைய மாட்டுக்கொட்டிலைப் பிரித்துப் பலகை அனுப்பியிருந்தார். பாலை மரம். இரும்பு மாதிரி. இவ்வளவு நாளும் எரித்தது மட்டையும் கொப்பும். பாலை எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாது. தணலை இழுத்த பிறகு மாவை எறிந்தேன். கறுத்தது. பொறுத்தேன். மறுபடி எறிந்தேன், மறுபடியும் கறுப்பு. ஆட்கள் பானைகளோடு நின்றார்கள், மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது, மெட்டில்டாவின் பிள்ளை அழுதது. இதற்குள் ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பானைகளைத் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

மணம் முதலில் நல்ல மணமாகத்தான் வந்தது. பிறகு மாறியது.

கதவைத் திறந்தபோது புகை. ஒவ்வொரு பானையாக வெளியே எடுத்தேன். மூடிகள் கறுத்திருந்தன. ஒன்றின் அடி உருகிக் கல்லில் ஒட்டிவிட்டது. இந்த நாட்களில் ஒரு பானைச் சோறு என்றால் என்ன? அந்த அரிசியை அவர்கள் எந்தக் கடையில் எத்தனை நேரம் நின்று வாங்கினார்கள், எதை விற்று வாங்கினார்கள், எனக்குத் தெரியாதா? ஒழுங்கை முழுவதின் மத்தியானச் சாப்பாடு. என்னால் எரிந்துபோனது. நான் துடுப்பைப் பிடித்தபடி நின்றேன். யாரையும் பார்க்கவில்லை.

மெட்டில்டாவின் பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

முதலில் அசைந்தது மெட்டில்டா. பிள்ளையை ஆரணியிடம் கொடுத்துவிட்டு, தன் பானையின் மூடியைத் திறந்தாள். கரண்டியால் மேலாக வழித்தாள். மேலே நாலு விரல் ஆழத்துக்குச் சோறு வெள்ளையாக இருந்தது.

"மேலை நல்லாத்தான் கிடக்கு அக்கா. அடிதான் போச்சு. எங்கை, மற்றதுகளைத் திறவுங்கோ."

நாங்கள் மா குழைக்கிற பெரிய தொட்டியைக் கழுவித் துடைத்து நடுவில் வைத்தாள். தன்னுடையதை அதற்குள் கொட்டினாள். பக்கத்தில் நின்ற பெண் தன் பானையிலிருந்து வழித்துக் கொட்டினாள். ஒவ்வொருவராக வந்தார்கள். சோறு, பருப்பு, பூசணி, மரவள்ளி, யாரோ வீட்டு முருங்கையிலை. வெள்ளிக்கிழமை, எல்லாப் பானையும் சைவம். மெட்டில்டாகூட இன்று கருவாடு போடவில்லை. ஒருத்தி வீட்டுக்கு ஓடிப் போய் தேங்காயும் ஊறுகாயும் கொண்டுவந்தாள். தொட்டி நிறைந்தது. இத்தனை வீட்டுச் சாப்பாடு ஒன்றாகக் கிடந்ததை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

கடைசியில் மாஸ்டர். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தொட்டியைச் சுற்றி நின்றவர்களில் யார் யார் வீட்டில் யார் யார் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆரணி இதை ஒரு நாள் வாசிப்பாள்.

மாஸ்டர் குனிந்து தன் சட்டியைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். பிறகு கையால் பிரட்டத் தொடங்கியவள் மெட்டில்டா. அவள் பிரட்டியதை வாழையிலைத் துண்டில் வைத்து அவருக்கு நீட்டினாள். வாங்கினார். நின்றபடியே சாப்பிட்டார். இலையை மடித்துவிட்டு, "ஊறுகாய் ஆர் வீட்டு?" என்று கேட்டார். சொன்னார்கள். தலையை ஆட்டினார்.

புகைமணம் ஏறிய அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டேன். எனக்கு இலை கொடுத்தது யாரென்று பார்க்கவில்லை, கண் தெரியவில்லை.

போகும்போது ஒருவர்கூட, நாளைக்கு வரமாட்டோம் என்று சொல்லவில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள்.

21 மே, சனி

இவர் திரும்பி வந்தார். வேலை சரியாம். நான் நடந்ததைச் சொன்னேன். கருகிய பானைகளைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். எரியாத பாலைப் பலகையை எடுத்து, கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு அரைவாசிதான் போடவேணும். எரிச்சுப்போட்டுக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவிடு" என்றார். அவ்வளவுதான்.

இன்று எரித்தது நான். இவர் வாங்கில் இருந்து பார்த்தார். மா தேன் நிறத்துக்கு வந்தது.

உருகிய பானைக்காரிக்கு எங்கள் வீட்டுப் பெரிய பானையைக் கொடுத்தேன். எங்களுக்கு மூன்று பேருக்கு அது பெரிது.

6 ஜூன், திங்கள்

மா லொறி நான்கு நாளாக வரவில்லை. நேற்றோடு மா முடிந்துவிட்டது. காலையில் இவர் போறணைக் கதவைச் சாத்தி, படியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தார். பாண் சுடாத பேக்கரிக்கு எதற்கு நெருப்பு? பெயர்ப்பலகையைக் கழற்றிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை.

அப்போது ஒழுங்கையில் சத்தம் கேட்டது. வழக்கமாக ஒவ்வொருவராக வருகிறவர்கள். இன்று எல்லாரும் சேர்ந்து வந்துகொண்டிருந்தார்கள், தலையில் விறகு, தோளில் விறகு, சைக்கிள் கரியரில் விறகு. பெண்களும் ஆண்களும். மாஸ்டர் ஒரு மட்டையை ஒரு நுனியில் பிடித்து நிலத்தில் இழுத்துக்கொண்டு வந்தார். அது தெருவில் கோடு போட்டபடி வந்தது.

இவர் எழும்பி நின்று, மா இல்லை, இன்றைக்குப் பாண் இல்லை, மன்னியுங்கோ என்றார்.

மாஸ்டர் மட்டையைக் கீழே போட்டார். மூச்சு வாங்கியது. "தம்பி, நாங்கள் பாணுக்கு வரேல்லையே."

இவர் அவரைப் பார்த்தபடி நின்றார். நான் இவரைப் பார்த்தேன். பிறகு இவர் குனிந்து அந்த மட்டையை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே வைத்தார்.

எறிந்து பார்க்க மா இல்லை. மெட்டில்டா ஒரு பிடி அரிசிமா கொண்டுவந்தாள்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவு காலமும் போறணை எங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

19 ஜூன், ஞாயிறு

விசா வந்துவிட்டது. 27ஆம் திகதி பயணம்.

நான் கேட்கக் கூடாதென்று இருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். போறணை எரிகிறதே, ஆட்கள் வருகிறார்களே, இனி ஏன் போக வேண்டும் என்று. ஏப்ரலில் வாங்கில் படுத்திருந்தவர் போக நினைத்தது வேறு. இப்போது எழும்பி நிற்கிறாரே.

கழுவிய சட்டியொன்றை என் கையிலிருந்து வாங்கித் துடைத்தார். பிறகு சொன்னார்.

"அப்ப ஓடித் தப்பத்தான் நினைச்சனான். போனா இது மூடித்தான் போகும் எண்டும் தெரியும். இப்ப அப்பிடி இல்லை. ஆரணி படிக்கவேணும், மாவுக்குக் காசு வேணும், உன்ரை கழுத்துக்குக் கொடி வேணும். பானையிலை காசு வராது, வரவும் கூடாது. ஆராவது ஒராள் வெளியிலை உழைக்கத்தான் வேணும். நீ இஞ்சை நிக்கிறாய். அதாலைதான் போறன்."

ஆகவே நான் கற்றுக்கொண்டதுதான் அவரை அனுப்புகிறது. போகாமல் பிடித்து வைக்கும் என்று நினைத்து, நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒவ்வொன்றும்.

சட்டிகளைக் கவிழ்த்து வைத்தேன். நன்றாகக் காயட்டும்.

26 ஜூன், ஞாயிறு

உடுப்பு அடுக்கினேன். இரண்டு சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்தேன்.

27 ஜூன், திங்கள்

காலை பஸ். ஆரணியின் தலையைத் தடவி, உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுப்பதென்று நீயே யோசி, நாங்கள் சொல்லமாட்டோம் என்றார். அவள் அழுதாள். மாஸ்டர் படலையில் நின்று கைகொடுத்தார். மெட்டில்டா பிள்ளையின் கையை ஆட்டிக் காட்டினாள். என்னிடம் இவர் சொன்னது, "துடுப்பை வெயிலிலை வையாதை, வெடிச்சுப்போம்." அவ்வளவுதான் சொன்னார். பஸ் திரும்பும் வரை பின்கண்ணாடியில் தெரிந்தார்.

பஸ் போனதும் போறணையை எரித்தேன். நேற்று வந்த கொஞ்ச மாவில் பாண் சுட்டு எடுத்தேன். பிறகு பானைகள். இன்று முன்பைவிடக் கூட. பக்கத்து ஒழுங்கையிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆழத்தில் சோறு, நடுவில் குழம்பு, வாசலோரம் கஞ்சி, செங்கலுக்கு அப்பால் சைவம். கடைசிப் பானையைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

வழக்கமாக இந்த நேரத்தில் இவர் விறகு உருட்டிக்கொண்டிருப்பார், தட்டங்களை அடுக்குவார், ஏதாவது சத்தம் இருக்கும். இன்று சத்தமில்லை. கறண்டும் இல்லை. களைப்பில் நான் போறணைச் சுவரில் சாய்ந்தேன். அப்போதுதான் கேட்டது.

முதலில் மழை என்று நினைத்தேன். வெளியே வெயில் எறித்தது. காதைச் செங்கலில் வைத்தேன். உள்ளேயிருந்து வந்தது. எல்லாப் பானைகளும் ஒன்றாகக் கொதிக்கிற சத்தம். ஒவ்வொன்றும் வேறு வேறாகக் கொதிக்கின்றன, மெல்லியதாக ஒன்று, தடித்து ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. ஆனால் கல்லுக்கு வெளியே வரும்போது ஒரே சத்தம். தூரத்தில் ஒரு பெரிய கூட்டம் மெதுவாகப் பேசுவது போல. இவ்வளவு பேருடைய பசியும் அரிசியும் தண்ணீரும். பதின்மூன்று வருடம் இந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றவள் நான். பாண் சத்தம் போடாது. ஆகவே எனக்குத் தெரியாது.

ஆரணியைக் கூப்பிட்டேன். அவளும் காதை வைத்தாள். கண் விரிந்தது. வெளியே போய் மெட்டில்டாவைக் கூட்டிவந்தாள். மெட்டில்டா போய் மற்றவர்களை. கொஞ்ச நேரத்தில் போறணையைச் சுற்றி எல்லாரும் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார்கள், சின்னப் பிள்ளைகள் கீழே, பெரியவர்கள் மேலே, மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. செங்கல் சுட்டது. யாரும் காதை எடுக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. இவர்தான். வவுனியா தாண்டியாச்சு என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். கட்டித் தந்த பாணைச் சாப்பிட்டாராம்.

"கொஞ்சம் பொறுங்கோ, ஒண்டு கேளுங்கோ" என்று சொல்லி, போனை இரும்புக் கதவோடு சேர்த்துப் பிடித்தேன். கை சுட்டது. முந்தானையைச் சுற்றிப் பிடித்தேன். நன்றாகக் கேட்கட்டும் என்று கன நேரம் பிடித்திருந்தேன்.

திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸின் இரைச்சல் மட்டும். வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"இருக்கிறியளோ?"

"இருக்கிறன்." குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "பஸ்ஸிலை ஆக்கள் என்னைப் பாக்கினம், தர்மினி. வை."

நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.